பெட்டி மேல இருக்கிற அந்த மூணு எழுத்து



போன பொங்கல் விழா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன். ஆடிட்டோரியம் வேண்டாம், வெளியிலேயே பந்தல் போட்டு நடத்தலாம்னு முடிவு பண்ணினோம். கிருமாம்பாக்கத்துல தை மாசக் காத்து, கொஞ்ச தூரத்துல நெல் வயல், அடுப்புல பொங்கல் பானை. எல்லாம் அருமையா அமைஞ்சுது, சவுண்டைத் தவிர. முன் வரிசையில உட்கார்ந்தவங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. கடைசி வரிசையில இருந்தவங்களுக்குப் பட்டிமன்றம் ஒரு வார்த்தைகூடப் புரியலை. டான்ஸ் பாட்டு டம் டம்னு மட்டும் கேட்டுச்சு. நடுவுல மைக் மூணு தடவை கூய்னு கத்துச்சு.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தது யாருன்னு கேட்டீங்கன்னா, நானும் என் கூட்டாளிங்க ரெண்டு பேரும்தான். வாடகைக்கு எடுக்கப் போன இடத்துல நாங்க பார்த்தது ரெண்டே விஷயம். பெட்டி மேல ஜேபிஎல்னு மூணு எழுத்து இருக்கா? பின்னாடி 1000 வாட்னு போட்டிருக்கா? ரெண்டும் இருந்துச்சு. வண்டியில ஏத்திட்டு வந்துட்டோம். விழா முடிஞ்சு பெட்டியைத் திறந்து பார்த்தப்பதான் தெரிஞ்சுது, உள்ள இருந்த ஸ்பீக்கருக்கும் அந்த மூணு எழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு. யாரோ எப்பவோ ஒட்டின ஸ்டிக்கர். வாடகைக்குக் கொடுத்த அண்ணனுக்கே அது தெரியாது. அவரும் பழசா வாங்கினவர்தான்.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து, அந்த மூணு எழுத்து யாருதுன்னு தேட ஆரம்பிச்சேன். அது ஒரு மனுஷனோட பெயர். ஜேம்ஸ் புல்லோ லான்சிங். அவர் இறந்து முக்கால் நூற்றாண்டு ஆச்சு. அவர் வாழ்க்கையைப் படிச்சு முடிச்சப்போ, நாங்க பொங்கலுக்கு எங்க கோட்டை விட்டோம்னு தன்னால புரிஞ்சுது. அதனாலதான் அதை உங்ககிட்ட சொல்றேன்.

14 பிள்ளைகளில் ஒருவர்

1902 ஜனவரி 14. இப்போ நாம போகி, பொங்கல்னு கொண்டாடுற நாள்கள்ல ஒண்ணு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹென்றி மார்டினி, கிரேஸ் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் ஜேம்ஸ் மார்டினி. 14 பிள்ளைகளில் ஒன்பதாவது. அப்பா நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர். வேலைக்காக ஊர் ஊராக மாறிக்கொண்டே இருக்க வேண்டிய குடும்பம். சிறு வயதில் கொஞ்ச காலம் புல்லோ என்ற குடும்பத்தோடு தங்கி வளர்ந்தார். பிற்காலத்தில் அந்தக் குடும்பப் பெயரைத் தன் நடுப்பெயராக வைத்துக்கொண்டார்.

நம்மள்ல சில பேர் சின்ன வயசுல டார்ச் லைட்டைப் பிரிச்சுப் போட்டு அடி வாங்கியிருப்போம். ஜேம்ஸ் அதைவிட ஒரு படி மேலே. ஏறக்குறைய 10 வயதில் மின்னேற்றத்தைச் சேமிக்கும் லெய்டன் ஜாடி ஒன்றைத் தானே செய்து, கூட விளையாடும் பிள்ளைகளுக்கு ஷாக் கொடுத்து விளையாடினார். 12 வயது வாக்கில் சின்னதாக ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் கட்டினார். அதன் சிக்னல் கடற்படை நிலையம் வரைக்கும் போய், கடற்படைக்காரர்கள் தேடி வந்து அதைப் பிரிக்க வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

பெரிய படிப்பு எதுவும் இல்லை. இதை நம்ம மாதிரி செமஸ்டர் எண்ணிக்கிட்டு இருக்கிறவங்க கொஞ்சம் கவனிக்கணும். ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் மோட்டார் மெக்கானிக்காக வேலை பார்த்தார். 1924-இல் அம்மா இறந்துபோனார். அதன் பிறகு வீட்டை விட்டுக் கிளம்பி, மேற்கே சால்ட் லேக் சிட்டிக்குப் போய் ஒரு வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் கிளென்னா பீட்டர்சன் என்ற பெண்ணைச் சந்தித்து 1925-இல் திருமணம் செய்துகொண்டார். அங்கேதான் கென் டெக்கர் என்பவரும் பழக்கமானார். இந்த டெக்கர் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. கதையில முக்கியமான ஆள்.

பேசும் படமும் பெரிய ஹாரனும்

1927-இல் லான்சிங்கும் டெக்கரும் லாஸ் ஏஞ்சலஸ் போய் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். லான்சிங் மேனுஃபாக்சரிங் கம்பெனி. மார்டினி என்ற பெயரை விட்டு ஜேம்ஸ் புல்லோ லான்சிங் ஆனதும் இந்தக் காலத்தில்தான். வீட்டு ரேடியோ பெட்டிகளுக்கு 6 அங்குலம், 8 அங்குல ஸ்பீக்கர்கள் செய்தார்கள். பணம், கணக்கு, வாடிக்கையாளர் எல்லாம் டெக்கர் பொறுப்பு. காந்தம், காயில், காகிதக் கூம்பு எல்லாம் லான்சிங் பொறுப்பு.

அதே 1927 அக்டோபரில்தான் தி ஜாஸ் சிங்கர் வெளியாகி, பேசும் பட யுகம் தொடங்கியது. இதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. படம் பேச ஆரம்பிச்சா, அந்தப் பேச்சு ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கிற தியேட்டரோட கடைசி பெஞ்சு வரைக்கும் போகணும். ஆனா அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர் கொடுத்ததோ சில பத்து வாட்தான். இன்னைக்கு நாம 1000 வாட்னு அசால்ட்டா சொல்றோம். அவங்களுக்கு அந்த வசதி கிடையாது.

அப்போ என்ன வழி? கிடைக்கிற ஒவ்வொரு வாட்டையும் வீணாக்காம சத்தமாக மாத்தணும். சாதாரணமா ஒரு கூம்பு ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தா, அதில் ஒன்றோ இரண்டோ வாட்தான் ஒலியாக வெளியே வரும். மிச்சமெல்லாம் காயில் சூடாகிப் போகும். அதே ஸ்பீக்கருக்கு முன்னாடி ஒரு ஹாரன் வச்சா, காற்றைப் பிடித்துத் தள்ளும் பிடிமானம் கூடி, அந்த அளவு பல மடங்கு ஏறும். ஆடி மாசம் அம்மன் கோயில்ல புளிய மரத்துல கட்டுற புனல் ஸ்பீக்கர் அவ்வளவு சின்னதா இருந்துக்கிட்டு ரெண்டு ஊரைத் தாண்டிக் கேட்குதே, அதுக்குக் காரணமும் இதுதான். 1930களில் நம்ம நாட்டிலேயே நானிக் மோட்வானே என்பவரின் சிகாகோ ரேடியோ நிறுவனம் காங்கிரஸ் கூட்டங்களுக்கு இப்படிப்பட்ட ஒலிபெருக்கிகளை வைத்து, காந்தியின் மெல்லிய குரலைப் பெருங்கூட்டத்துக்குக் கொண்டு சேர்த்தது. ஆனா புனல்ல ஒரு குறை. நடுத்தரக் குரல் நல்லா வரும், பறை, மேளத்தோட அடி ஆழம் வராது. பேச்சுக்குச் சரி, பாட்டுக்குப் பத்தாது.

சினிமாவுக்கு ரெண்டும் வேணும். எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஒலித் துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர், அப்போது தியேட்டரில் இருந்த கருவிகளில் திருப்தி இல்லாமல், புதிதாக ஒன்று செய்யத் தீர்மானித்தார். ஜான் ஹில்லியார்டு என்ற பொறியாளர் முன்நின்றார். ஸ்பீக்கர்களைச் செய்து கொடுக்க வந்தவர் லான்சிங்.

பழைய அமைப்பில் ஒரு கோளாறு. கனத்த ஒலி ஒரு ஸ்பீக்கரிலிருந்தும், கூர்மையான ஒலி இன்னொரு ஸ்பீக்கரிலிருந்தும் வரும். இரண்டும் பயணம் செய்யும் தூரம் வேறு வேறு. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்படின்னா 2.5 மீட்டர் வித்தியாசம் இருந்தாலே 7 மில்லிவிநாடி தாமதம் வந்துடும். பேச்சில் அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு நடனக் காட்சியில் ஷூவால் தரையைத் தட்டும் சத்தம் இரண்டிரண்டாகக் கேட்டபோதுதான் கோளாறு பிடிபட்டது என்பார்கள். புதிய அமைப்பில் இரண்டு ஒலிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி ஹாரன்களின் நீளத்தைச் சரிசெய்தார்கள். கனத்த ஒலிக்கு 15 அங்குல ஸ்பீக்கர்கள், கூர்மையான ஒலிக்குப் பல அறைகளாகப் பிரித்த ஹாரன். ஷியரர் ஹாரன் என்று அதற்குப் பெயர். 1936-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் விருதுகளில் தொழில்நுட்பப் பிரிவு விருது அதற்குக் கிடைத்தது. விருதில் இருந்தது ஷியரர் பெயரும் எம்ஜிஎம் ஒலித் துறையின் பெயரும்.

இன்னைக்கு நம்ம விழா மேடையில நிக்கிற ஸ்பீக்கர் பெட்டியைப் பாருங்க. கீழே ஒரு 12 அல்லது 15 அங்குலக் கூம்பு, மேலே ஒரு சின்ன ஹாரன். தொண்ணூறு வருஷம் ஆகியும் அந்த அடிப்படை மாறலை. அப்போ அது லாரியில ஏத்துற அளவு பெருசு. இப்போ ரெண்டு பேர் தூக்கலாம். அவ்வளவுதான்.

1937-இல் அதே யோசனையைச் சுருக்கி, ஒலிப்பதிவு அறைகளுக்காக ஐகானிக் என்ற சிறிய ஸ்பீக்கரை லான்சிங் வெளியிட்டார். கம்பெனி நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்தது.

கணக்கு பார்த்த கை போன பிறகு

1939-இல் கென் டெக்கர் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார்.

லான்சிங்குக்கு நண்பர் போனார். கம்பெனிக்குக் கணக்கு பார்த்த கை போனது. எந்த ஸ்பீக்கரில் எந்த அலைவரிசை எங்கே விழுகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, இந்த மாதம் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. கடன் ஏறியது. 1941 டிசம்பரில், தியேட்டர் ஒலிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஆல்டெக் என்ற நிறுவனம் லான்சிங் கம்பெனியை வாங்கிக்கொண்டது. புதிய பெயர் ஆல்டெக் லான்சிங். லான்சிங் அதில் பொறியியல் துறைத் துணைத் தலைவராகச் சேர்ந்தார். அவர் பெயரும் கம்பெனியோடு சேர்ந்து கை மாறியது. அது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்போ அவருக்குத் தோணியிருக்காது.

ஆல்டெக்கில் இருந்த 5 வருடங்கள் அவருடைய சிறந்த வேலைகளில் சில வந்த காலம். 604 என்ற ஸ்பீக்கர் வந்தது. 15 அங்குலக் கூம்பின் நடுவிலேயே ஹாரனைப் பொருத்தி, இரண்டு ஒலியும் ஒரே இடத்திலிருந்து வரும்படி செய்த வடிவம். பல ஆண்டுகள் ஒலிப்பதிவு நிலையங்கள் அதைத்தான் நம்பின. 1945-இல் வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர் வரிசை வந்தது. உலகம் முழுக்கத் தியேட்டர் திரைகளுக்குப் பின்னால் போய் நின்றது.

காயில் சுற்றும் விதத்திலும் அவர் வேலை பேசப்பட்டது. சாதாரணமாக வாய்ஸ் காயிலை உருண்டைக் கம்பியால் சுற்றுவார்கள். உருண்டைக் கழிகளை அடுக்கிப் பாருங்க, நடுவுல இடைவெளி விழும். செங்கல்லை அடுக்கினா விழாது. லான்சிங் தட்டையான நாடாக் கம்பியை விளிம்பில் நிறுத்திச் சுற்றினார். காந்தத்துக்கு நடுவே இருக்கும் குறுகிய இடத்தில் அதிக உலோகம் அடங்கியது. அதே மின்சாரத்துக்கு அதிக விசை கிடைத்தது. நம்ம முதல் வருஷ இயற்பியல்ல படிச்ச அதே மின்காந்த விசைதான். அதை ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட வீணாகாமல் கையால் செய்து காட்டியதுதான் அவர் திறமை.

சொந்தப் பெயருக்கு ஒரு சண்டை

ஒப்பந்தக் காலம் முடிந்ததும், 1946-இல் ஆல்டெக்கை விட்டு வெளியே வந்தார். அந்த அக்டோபரில் லான்சிங் சவுண்டு என்று ஒரு புதிய கம்பெனி தொடங்கினார். உடனே ஆல்டெக் ஆட்சேபித்தது. லான்சிங் என்ற பெயர் அவர்கள் விலை கொடுத்து வாங்கிய கம்பெனியோடு வந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்டு என்று முழுப் பெயரையும் போட்டுக்கொண்டு தொழில் செய்ய வேண்டியதாயிற்று. முன்பு தானே விற்ற ஸ்பீக்கரின் ஐகானிக் என்ற பெயரைக்கூட அவர் பயன்படுத்த முடியவில்லை.

யோசிச்சுப் பாருங்க. மார்டினியா பிறந்து, தானே தேர்ந்தெடுத்து வச்சுக்கிட்ட பெயர் அது. அந்தப் பெயருக்கே அனுமதி கேட்கிற நிலைமை.

பெயரை எழுதுவதில் சிக்கல் இருந்தது, ஸ்பீக்கர் செய்வதில் இல்லை. இந்தக் காலத்தில்தான் டி130 பிறந்தது. 15 அங்குலக் கூம்பு, 4 அங்குல அகலமுள்ள வாய்ஸ் காயில், தட்டையான நாடாக் கம்பி, வலுவான காந்தம். காயில் அகலமானதால் சூடு பரவ இடம் கிடைத்தது. கூம்பு லேசாக இருந்ததால் அசைவது எளிதாயிற்று. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் 100 டெசிபெலைத் தாண்டும் ஸ்பீக்கர் அது. இந்த எண்ணைத்தான் சென்சிடிவிட்டி என்கிறோம். கொஞ்சம் பொறுங்க, இதுக்குத் திரும்ப வருவோம்.

பொருள் நன்றாக இருந்தது, பணம் வரவில்லை. மார்க்வார்ட் என்ற விமானக் கருவி நிறுவனம் கொஞ்ச காலம் முதலீடு செய்து கைகொடுத்தது. அந்த நிறுவனத்தின் பொருளாளர் வில்லியம் தாமஸ், லான்சிங்கின் கணக்குகளைப் பார்க்க வந்தார். டெக்கருக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் கணக்குத் துணை. ஆனால் 1949-இல் மார்க்வார்ட்டையே வேறொரு நிறுவனம் வாங்கியது. வாங்கியவர்களுக்கு ஸ்பீக்கர் தொழிலில் ஆர்வம் இல்லை. லான்சிங் மறுபடியும் தனியாக, கடனோடு நின்றார்.

1949 செப்டம்பர் இறுதியில் ஜேம்ஸ் லான்சிங் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 47.

இந்த வரியை எழுதுறப்போ எனக்குக் கை கொஞ்சம் நின்னுச்சு. தன் கருவி எவ்வளவு நல்லா வேலை செய்யும்னு தெரிஞ்ச ஒருத்தர், தன் கடனைப் பத்தி யார்கிட்டயாவது மனசுவிட்டுப் பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அவர் கம்பெனி அதுக்கப்புறம் மூழ்கலை, நண்பர்களே. அதுதான் இதுல ரொம்ப வேதனையான விஷயம். அவர் பேரில் இருந்த 10,000 டாலர் காப்பீட்டுத் தொகை கம்பெனிக்கு வந்தது. வில்லியம் தாமஸ் பொறுப்பேற்று, கிளென்னாவின் பங்கையும் வாங்கி, கடனைக் கட்டி, தொழிலை நிமிர்த்தினார். தீரவே தீராதுன்னு தெரிஞ்ச கணக்கு சில வருஷத்துல தீர்ந்துபோச்சு. அரியர், கல்விக் கடன், வீட்டுப் பிரச்சினைன்னு நம்மகூடவே எத்தனையோ பேர் சொல்லாம சுமக்கிறாங்க. யாராவது அப்படி இருந்தா பக்கத்து அறைக்காரன்கிட்டயாவது சொல்லுங்க. 14416-னு அரசோட டெலிமானஸ் இலவச எண் இருக்கு, எந்த நேரமும் எடுப்பாங்க.

மூணு எழுத்து வந்த கதை

லான்சிங் இறந்த பிறகும் பெயர்ச் சண்டை ஓயவில்லை. அதனால் 1950களின் நடுவில் அவர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எடுத்து ஜேபிஎல் என்று முத்திரை போட ஆரம்பித்தார்கள். டி130 அவருக்குப் பிறகும் பல ஆண்டுகள் விற்றது. ஃபெண்டர் நிறுவனம் தன் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் அதன் ஒரு வகையைப் பயன்படுத்தியது.

1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் உட்ஸ்டாக் இசை விழா நடந்தது. லட்சக்கணக்கான கூட்டம், திறந்தவெளி. ஒலி அமைத்தவர் பில் ஹான்லி. அவர் அடுக்கிய பெட்டிகளில் கீழே ஜேபிஎல்லின் 15 அங்குல ஸ்பீக்கர்கள், மேலே ஆல்டெக்கின் ஹாரன்கள். பெயருக்காகச் சண்டை போட்ட ரெண்டு கம்பெனியும் ஒரே மேடையில ஒண்ணா வேலை பார்த்துச்சு. ரெண்டிலும் இருந்தது ஒரே மனுஷனோட வேலை.

அதே 1969-இல் ஜேபிஎல்லை சிட்னி ஹார்மன் வாங்கினார். 2017-இல் ஹார்மன் நிறுவனத்தை சாம்சங் வாங்கியது. ஆல்டெக் லான்சிங் பெயரும் கை மாறி மாறி, கடைசியில் கம்ப்யூட்டர் டேபிள் ஸ்பீக்கர் மேல் வந்து உட்கார்ந்தது. நம்ம வீட்டு அண்ணன் அக்காங்க காலத்து கம்ப்யூட்டர் பக்கத்துல பார்த்திருப்பீங்க.

ஆக, பெயர் விற்கும், வாங்கும், வழக்காடும், ஸ்டிக்கராவும் வரும். லான்சிங் நமக்கு விட்டுட்டுப் போனது அதை இல்லை. ஒரு வாட்டை எப்படி வீணாக்காம காது வரைக்கும் கொண்டு சேர்க்கிறதுங்கிற கணக்கைத்தான் விட்டுட்டுப் போனார். பொங்கலுக்கு நாங்க பெயரைப் பார்த்தோம், கணக்கைப் பார்க்கலை.

அடுத்த விழாவுக்கு நாம என்ன பண்ணலாம்?

200 பேர், திறந்தவெளிப் பந்தல், மேடையிலிருந்து கடைசி வரிசை 16 மீட்டர். இதை மனசுல வச்சுக்கிட்டு வாங்க.

முதல்ல சென்சிடிவிட்டியைப் பாருங்க. வெளியில, தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபெல் குறையும். 1 மீட்டரிலிருந்து 16 மீட்டர் போக நாலு தடவை ரெண்டு மடங்காகுது. அதாவது 24 டெசிபெல் காலி. ஒரு பெட்டி 91 டெசிபெல், இன்னொண்ணு 97 டெசிபெல்னு வச்சுக்கோங்க. ரெண்டுக்கும் 100 வாட் கொடுத்தா 20 டெசிபெல் கூடும். கடைசி வரிசையில முதல் பெட்டி 87, ரெண்டாவது 93. முதல் பெட்டி 93-ஐத் தொடணும்னா 400 வாட் வேணும். அந்த 6 டெசிபெல் வித்தியாசம் நாலு மடங்கு ஆம்ப்ளிஃபயருக்குச் சமம்! பெட்டி மேல எழுதின 1000 வாட் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாது.

ரெண்டாவது, அந்த வாட் எந்த வாட்? தொடர்ந்து தாங்கக்கூடிய வாட்டைக் கேளுங்க. பீக்னு போடுறது ஒரு நொடிக்கும் குறைவான உச்சம். பிஎம்பிஓன்னு போட்டிருந்தா அந்த எண்ணை மறந்துடுங்க.

மூணாவது, ஹாரன் எந்தப் பக்கம் பரப்புது? 90 டிகிரி அகலம், 60 டிகிரி உயரம்னு மாதிரி விவரத் தாள்ல போட்டிருக்கும். நாங்க பொங்கலுக்குப் பெட்டியைத் தரையில வச்சோம். கூர்மையான ஒலி முழுக்க முன் வரிசைக்காரங்க முதுகோடவும் தலையோடவும் முடிஞ்சு போச்சு. கடைசி வரிசைக்குப் போனது கனத்த ஒலி மட்டும். டம் டம். பேச்சு புரியறதுக்குக் காரணமான ச, த, க எல்லாம் அந்தக் கூர்மையான ஒலியிலதான் இருக்கு. ஸ்டாண்டு போட்டு, ஹாரன் தலைக்கு மேல இருக்கிற மாதிரி ஏத்தி, லேசா பின் வரிசையைப் பார்த்துச் சாய்ச்சு வச்சிருந்தா அதே பெட்டியிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். முன் வரிசையும் தப்பிச்சிருக்கும்.

நாலாவது, ஷியரர் ஹாரன் பாடம். சத்தம் பத்தலைன்னு பின்னாடி இன்னொரு ஜோடி பெட்டியை வச்சா, 16 மீட்டருக்கு ஏறக்குறைய 47 மில்லிவிநாடி வித்தியாசம் வரும். பேச்சு ரெண்டு ரெண்டா கேட்கும். மிக்சர்ல பின் பெட்டிக்கு அதே அளவு டிலே கொடுக்க முடிஞ்சா வைங்க. முடியாதுன்னா முன்னாடியே நல்ல ஜோடி ஒண்ணோட நிறுத்திக்கோங்க.

அஞ்சாவது, மைக் எப்பவும் ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கட்டும். ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்தா கூய்தான். தொகுப்பாளர் மைக்கோட கூட்டத்துக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி சவுண்டுல இருக்கிறவங்ககிட்ட சொல்லணும்.

ஆறாவது, ஆம்ப்ளிஃபயர் தனியா வர்ற பெட்டின்னா ஓம் கணக்கு பாருங்க. 8 ஓம் பெட்டி ரெண்டை ஒரே சேனல்ல இணையா இணைச்சா 4 ஓம். ஆம்ப்ளிஃபயர் பின்னாடி 4 ஓம் தாங்கும்னு எழுதியிருக்கான்னு பார்த்துட்டு இணைங்க. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ஆக்டிவ் பெட்டின்னா இந்தத் தலைவலி இல்லை, ஆனா ஒவ்வொரு பெட்டிக்கும் கரன்ட் ஒயர் இழுக்கணும்.

பட்டிமன்றம், ஒரு கீபோர்டு, ரெண்டு பாட்டுன்னா 12 அங்குலம், ஹாரனோட ஒரு ஜோடி தாராளம். டான்ஸ் உண்டுன்னா தனியா ஒரு சப்ஊஃபர் கேளுங்க. பேச்சுக்கு வந்த பெட்டியையே தாளத்துக்கும் வதைக்காதீங்க. கடைசியா, விழாவுக்கு முன்னாடி யாரையாவது மைக்ல பேசச் சொல்லிட்டு நீங்க போய்க் கடைசி நாற்காலியில உட்காருங்க. அங்க புரிஞ்சா எல்லா இடத்துலயும் புரியும்.

பெட்டி மேல அந்த மூணு எழுத்து இருந்தாலும் சரி, நம்ம ஊர்ல செஞ்ச பெயர் தெரியாத பெட்டியா இருந்தாலும் சரி, விவரத் தாளைக் கேளுங்க. 97-ஆ 91-ஆன்னு கேளுங்க. கடைக்கார அண்ணன் ஒரு நிமிஷம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பரவாயில்லை. படிப்பு முடிக்காத ஒரு மெக்கானிக் ஆயுள் முழுக்க ஓடினது அந்த எண்ணுக்காகத்தான்.

அடுத்த பொங்கலுக்கும் சவுண்டு பொறுப்பு எங்ககிட்டேயே கேட்டு வாங்கியிருக்கோம். கடைசி வரிசையில ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம். வந்து உட்கார்ந்து, பட்டிமன்றம் புரியுதான்னு சொல்லுங்க.